ஐந்து ரூபாய் டாக்டர்!

வட சென்னையில் மூலக்கொத்தளம் என்று ஓர் இடம் இருக்கிறது. பேசின் பிரிட்ஜுக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே இருக்கிறது. பெயரைச் சொன்னதும் சென்னைவாசிகளுக்குச் சுடுகாடுதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சுடுகாட்டில் சில நினைவிடங்கள் உண்டு. நடராசன், தாளமுத்து என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே அடக்கமாகி இருக்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் ஆக்கப்பட்டதை எதிர்த்துச் சிறை சென்றவர்கள் இவர்கள். சிறையில் நடராசனுக்கு நோய் கண்டது. மன்னிப்புக் கேட்டால் விடுதலை ஆகலாம் என்று சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். 1939 ஜனவரி 15-ந் தேதி இறந்தார். இரண்டு மாதத்துக்குள், மார்ச் மாதத்தில் தாளமுத்துவும் இறந்தார்.

இவர்களோடு ஒரு பெண்மணிக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. அவர் டாக்டர் தருமாம்பாள் அம்மையார்.

வைத்தியர் சிறை சென்றார்

அம்மையார் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்தவர். சென்னைக்கு வந்து சித்த வைத்தியம் செய்தவர். 1938-ல் அதே போராட்டத்தில் அவரும் சிறைக்குப் போனார். தமிழ் ஆசிரியர்களுக்கு மற்ற ஆசிரியர்களைவிடச் சம்பளம் குறைவாக இருந்தது. அதற்காகவும் கிளர்ச்சி செய்தார். 1959-ல் காலமானார். விதவைகள் மறுமணத்துக்குத் தமிழக அரசு பண உதவி செய்கிறது அல்லவா? அந்தத் திட்டத்துக்கு இந்த அம்மையாரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தவர், பிறகு வீதிக்கு வந்தார். வலி என்ன என்று தெரிந்துகொண்டு வந்தார்.

இப்போது நடப்பது என்ன? ஒரு ரொட்டிப் பாக்கெட்டை ஆறு பேர் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கிறார்கள்! வாங்கிக்கொள்ளும் கிழவி எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறாள். போட்டோ எடுப்பவர் "இந்தப் பக்கம் பாரும்மா" என்கிறார். மறுநாள் அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றுகிறது. ரொட்டி அன்று மாலையே தீர்ந்துவிட்டது. படம் தீரவில்லை. "ஆயா, உன் படம் பார்த்தேன்" என்று தெருவில் நாலு பேர் சொல்லும்போது அவள் மனம் என்ன பாடுபடும்? போட்டோவில் இருந்த ஆறு பேருக்கும் அது தெரியாது.

இரண்டு ரூபாயில் தொடங்கியது

மூலக்கொத்தளத்தை அடுத்த பழைய வண்ணாரப்பேட்டையில் டாக்டர் ஜெயச்சந்திரன் என்று ஒருவர் இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1970-களின் தொடக்கத்தில் அங்கே வைத்தியம் பார்க்க உட்கார்ந்தார். கட்டணம் 2 ரூபாய். பல வருஷம் கழித்து அது 5 ரூபாய் ஆயிற்று. அதற்கு மேல் ஏறவே இல்லை. "ஐந்து ரூபாய் டாக்டர்" என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும்.

2018-ல் சென்னையில் சாதாரண பஸ்ஸில் ஏறினால் குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். டாக்டருக்குக் கொடுப்பதும் அதே 5 ரூபாய்தான்!

அந்தப் பகுதி உழைப்பாளிகள் வாழும் இடம். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்கள், காசிமேட்டில் மீன் வாங்கி விற்கும் பெண்கள், வண்டி இழுப்பவர்கள். தினக்கூலிக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அது இரண்டு நோய். ஒன்று உடம்பில் இருக்கிறது. இன்னொன்று மனத்தில் இருக்கிறது. இன்று கூலி போய்விட்டது, டாக்டர் எவ்வளவு கேட்பாரோ, மருந்துக்கு யாரிடம் கடன் கேட்பது என்ற பயம் அது. இந்தப் பயத்துக்கு எந்தக் கடையிலும் மாத்திரை கிடையாது. ஐந்து ரூபாய்தான் என்று தெரிந்ததும் இரண்டாவது நோய் வாசலிலேயே இறங்கிவிடும்.

ஏன் வாங்கினார்?

ஒரு கேள்வி எழலாம். இவ்வளவு இரக்கம் உள்ளவர் அந்த ஐந்து ரூபாயையும் விட்டிருக்கலாமே?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அடுத்த வீட்டில் ஆழாக்கு அரிசி கைமாற்று வாங்கும் தாய்மார்களைப் பாருங்கள். சம்பளம் வந்ததும் முதல் வேலையாக அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அளந்த பிறகு ஒரு பிடி கூடவே போடுவார்கள். இலவசமாக வாங்கினோம் என்ற பேச்சு அவர்களுக்குப் பொறுக்காது. ஐந்து ரூபாயை மேஜைமேல் வைப்பவரும் அப்படித்தான். "என் டாக்டருக்கு நான் பீஸ் கொடுத்தேன்" என்று தலை நிமிர்ந்து வெளியே வரலாம். கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

2017-ல் நடிகர் விஜய் நடித்த "மெர்சல்" படம் வந்தது. அதிலும் ஐந்து ரூபாய் வாங்கும் டாக்டர் ஒருவர் வருவார். வண்ணாரப்பேட்டை டாக்டரை வைத்துத்தான் அந்தப் பாத்திரம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். படத்து டாக்டர் சண்டை போட்டார், வசனம் பேசினார். தியேட்டரில் விசில் பறந்தது. நமது டாக்டர் தமது நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அதே வேலை! அதற்கு யார் விசில் அடிப்பார்கள்?

2018 டிசம்பர் 19-ந் தேதி டாக்டர் ஜெயச்சந்திரன் காலமானார். வயது 71. செய்தி பரவியதும் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். அரசியல் தலைவர்களும் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். யாரும் லாரி வைத்துக் கூட்டம் சேர்க்கவில்லை. பெண்கள் சொந்த வீட்டுச் சாவு போல அழுதார்கள்.

பலர் மாலை வாங்கி வந்து போட்டார்கள். அந்த ஒரு மாலையின் விலையில் அவரிடம் பத்து முறை வைத்தியம் பார்த்திருக்கலாம்.