காய்ச்சினாலும் குடிக்க முடியாத தண்ணீர்... ஒரு நகரத்தைத் தவிக்கவிட்ட பச்சை ஏரி!

2014 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்திலுள்ள டொலிடோ நகர மக்களை ஓர் அவசர அறிவிப்பு எழுப்பியது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. கொதிக்க வைக்கவும் கூடாது!

'தண்ணி சரியில்லைன்னா காய்ச்சிக் குடி' என்பதுதானே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் வழி? அது ஏன் அங்கே எடுபடவில்லை?

டொலிடோவுக்குக் குடிநீர் தருவது, கடல்போல விரிந்து கிடக்கும் ஈரி ஏரி. அந்தக் கோடையில் அதன் மேற்குப் பகுதியில், பச்சை பெயின்ட்டைக் கொட்டியதுபோல 'மைக்ரோசிஸ்டிஸ்' மிதந்தது. நீலப்பச்சைப் பாசி என்று அழைத்தாலும் இது ஒருவகை பாக்டீரியா. இது உருவாக்கும் 'மைக்ரோசிஸ்டின்' நஞ்சு கல்லீரலைத் தாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. டொலிடோவில் சுத்திகரித்த தண்ணீரிலேயே நஞ்சு அந்த அளவைத் தாண்டியிருந்தது.

கிருமி என்றால் கொதிநீரில் செத்துவிடும். இந்த நஞ்சு கொதித்தாலும் அழியாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய, மிச்சமிருப்பதில் நஞ்சின் அடர்த்திதான் கூடும்!

சுமார் 4 லட்சம் பேர் பாட்டில் தண்ணீரைத் தேடி அலைந்தார்கள். மாகாணத்தில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 4-ம் தேதிதான் தடை விலகியது.

பாசிக்குச் சாப்பாடு போட்டது யார்?

மௌமி நதி, மக்காச்சோளமும் சோயாவும் விளையும் பரந்த வயல்வெளிகளைக் கடந்து இந்த ஏரியில் கலக்கிறது. மழை பெய்தால் வயலிலுள்ள உரமும், கால்நடைக் கழிவும் கரைந்து வருகின்றன. அவற்றிலுள்ள பாஸ்பரஸ், பயிரை வளர்ப்பதுபோலவே பாசியையும் வளர்க்கும். ஏரியின் மேற்குப் பகுதியில் ஆழம் குறைவு என்பதால், வெயிலில் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. பாசிக்கு அது விருந்து!

பாஸ்பரஸின் வேலையைக் கண்ணெதிரே காட்டியவர் கனடா விஞ்ஞானி டேவிட் ஷிண்ட்லர். 1973-ல் அவரது குழு ஒரு சிறிய ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபக்கம் அவற்றுடன் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சையாக மாறியது.

ஒருமுறை மீண்ட ஏரி

ஈரி ஏரி 1960-களிலும் இப்படித்தான் கெட்டுக்கிடந்தது. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டன. சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்தார்கள். சாக்கடை நீரைச் சுத்திகரித்தார்கள். ஏரி தெளிந்தது. அன்று கழிவு வந்த குழாய்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இன்று பாஸ்பரஸ் ஆயிரக்கணக்கான வயல்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. எந்தக் குழாயை அடைப்பது? 2025-க்குள் பாஸ்பரஸை 40 சதவிகிதம் குறைப்பதாக ஒஹாயோ, மிச்சிகன், ஒன்டாரியோ மூன்றும் 2015-ல் உறுதியளித்தன. அந்த இலக்கை எட்ட முடியவில்லை.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மழையோடு ஓடுவது அவர் காசு கொடுத்து வாங்கிய உரம். மண் பரிசோதனை செய்து தேவையான அளவு மட்டும் இடுவது, பெருமழைக்கு முன் உரமிடாமல் இருப்பது, நீரோடைக் கரையில் புல், செடிகளை விட்டுவைப்பது... இவை அவருக்கும் லாபம்; ஏரிக்கும் லாபம்.

உங்கள் ஊர் ஏரியோ, குளமோ பெயின்ட் கொட்டியதுபோலப் பச்சையாகத் திரண்டிருந்தால் குழந்தைகளையும் ஆடு, மாடுகளையும் அதில் இறக்காதீர்கள். அந்தப் பச்சையில் நஞ்சு இருக்கிறதா என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. முக்கியமாக, 'காய்ச்சினால் சரியாகிவிடும்' என்று நம்பிவிடாதீர்கள்!