அனுமதிச் சீட்டும் ஏரிக்கரைக் கூடாரமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் வாரமெல்லாம் இயந்திர ஓசையினிடையே உழைக்கும் இளைஞர்கள், விடுமுறை வாய்த்தவுடன் கூடாரமும் கையுமாக நீரும் மரமும் உள்ள இடத்தை நாடிப் புறப்படுவது ஆரோக்கியமான ஆசையே. 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும், அதற்கப்பால் ஆதிமனிதரின் கல்லாயுதங்கள் கிடைத்த குடியம் குகைகளைச் சூழ்ந்த வனமும் அவர்களுக்குச் சமீபத்திலேயே இருக்கின்றன. ஆயினும் அவ்வனம் காப்புக்காடு என்பதையும், அனுமதியின்றி அதனுட் புகுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் பயண உற்சாகத்தில் பலர் சிந்திப்பதில்லை.

அனுமதியை வெறும் காகிதத் தொல்லையாகக் கருதுவது பெரும் பிழை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில், சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல் படர்ந்த சரிவில் தீ மேல்நோக்கித் தாவும் வேகத்துக்கு மனிதனின் ஓட்டம் ஈடாகாது. அத்துயரத்திற்குப் பின், அதே ஆண்டில், மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகளை இயற்றியது. 2024-இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் குடியம் பாதையும் இடம்பெற்றது. இணையத்தில் முன்பதிவு செய்து செல்வோருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வருகிறார். இன்னார் இந்தப் பாதையில் சென்றிருக்கிறார் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருப்பதால், பொழுது சாய்ந்தும் திரும்பாதவரைத் தேடி ஆள் வரும். அனுமதியின்றிச் சென்றவனோ, வழி தவறினால் உதவி கோரவும் அஞ்சி ஒளிவான். ஆகவே பகலில் வனத்தில் நடந்துவிட்டு, இரவில் காட்டுக்கு வெளியே, உடையவர் சம்மதித்த இடத்தில் தங்குவதே உசிதம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவமாதலால் காட்டுப் பயணத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பூண்டி மதகுகள் திறக்கப்பட்டால், மழை பெய்யாத இடத்திலும் கொசஸ்தலையாற்றில் வெள்ளம் பெருகும். எனவே ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்கலாகாது. பாம்பு தீண்டினால் கட்டுப் போடுவதும் கீறுவதும் கேடு விளைவிக்கும். தீண்டிய அங்கத்தை அசையாது வைத்து, 108-ஐ அழைத்து, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

பணம் பெற்று அழைத்துச் செல்லும் அமைப்பாளரிடம் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதியைக் காட்டுமாறு கேட்பது நமது உரிமை. காட்டத் தயங்குபவருடன் போகாதிருப்பதே விவேகம். ‘எது நேர்ந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற தாளில் கையொப்பமிட்டதனாலேயே, சேவைக் குறைபாட்டுக்காக முறையிடும் உரிமை பறிபோய்விடாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்கிட வகைசெய்கிறது; ஆவடி, பூந்தமல்லிவாசிகள் திருவள்ளூரிலும், அம்பத்தூர்வாசிகள் சென்னையிலும் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டாண்டுகளுக்குள் மனு அளிக்க வேண்டும். பணம் செலுத்திய ரசீதையும் அமைப்பாளர் அனுப்பிய செய்திகளையும் அதுவரை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு.