தொலைநோக்கிக்காகத் திசைமாறும் ரயில் பாதை

புது தில்லி: மும்பை மாஹிம் ரயில் நிலையத்தின் கிழக்குப் புறம் தாராவி. அங்குள்ள தமிழர்கள் அன்றாடம் ஏறி இறங்கும் மின்சார ரயில்களின் உச்சியில், மின்கம்பி உரசும் இடத்தில் அவ்வப்போது பொறி பறக்கும். பயணிகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ரேடியோ தொலைநோக்கிக்கோ அது பேரிரைச்சல்.

புணே-நாசிக் இடையே சுமார் 235 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட அதிவேக ரயில் பாதையைத் திசைதிருப்பியது இந்த இரைச்சல் பற்றிய அச்சம்தான். நாராயண்காவ் வழியாகச் சென்றால் கோடத் கிராமத்தில் உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கி பாதிக்கப்படும் என்று கூறி, மாற்றுப் பாதை அமைக்கப்படும் என்று ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025-ல் அறிவித்தார்.

தலா 45 மீட்டர் விட்டமுள்ள 30 கிண்ணங்கள் சுமார் 25 கி.மீ. பரப்பில் விரிந்துள்ள தொலைநோக்கி இது. மும்பையிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் படைப்பு. இதை உருவாக்கிய கோவிந்த் ஸ்வரூப், அதற்கு முன்பே உதகை அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை நிறுவியவர். தொலைதூர ரேடியோ மண்டலங்களை நிலவு மறைக்கும் தருணங்களில் அங்கு அளந்து திரட்டிய விவரங்கள், பிரபஞ்சம் என்றும் ஒரே நிலையில் இருப்பதாகக் கூறிய கோட்பாட்டுக்கு எதிராக 1975-ல் சான்றாயின. நீலகிரிச் சரிவில் கிடைத்த இந்தப் பெருமையைத் தமிழகம் போதிய அளவு கொண்டாடியதில்லை.

கோடத்தில் தேடப்படுவது ஹைட்ரஜனின் குரல். விண்மீன்கள் பிறப்பதற்கான மூலப்பொருளான இவ்வாயு 21 செ.மீ. அலைநீளத்தில் மிக மெல்லிய ரேடியோ அலையை வெளியிடுகிறது. பிரபஞ்சம் விரிவதால் அந்த அலையும் வழியில் நீள்கிறது. எவ்வளவு நீண்டுள்ளது என்று அளந்தால், எத்தனை காலத்துக்கு முன் புறப்பட்டது என்று கணக்கிடலாம்.

அர்ணப் சக்ரவர்த்தி, நிருபம் ராய் ஆகியோர் 2023-ல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற அலை 48 செ.மீ. ஆக நீண்டிருந்தது. அது புறப்பட்டபோது பிரபஞ்சத்தின் வயது சுமார் 490 கோடி ஆண்டுகள். வந்து சேர 880 கோடி ஆண்டுகள் பிடித்தன. இடையிலிருந்த மற்றொரு விண்மீன் மண்டலத்தின் ஈர்ப்பு, பூதக்கண்ணாடிபோல அதைச் சுமார் 30 மடங்கு பெருக்கியதால்தான் பிடிபட்டது. 2020-ல் வேறொரு குழு 7,653 மண்டலங்களின் அலைகளைக் கூட்டிச் சேர்த்த பிறகே 800 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஹைட்ரஜனைக் கண்டது. இத்தகைய முனகலுக்கு அருகே மின்சார ரயில் ஓடுவதை விஞ்ஞானிகள் எதிர்ப்பதில் வியப்பில்லை.

சர்வதேச சதுர கிலோமீட்டர் தொலைநோக்கித் திட்டத்தில் சேர மத்திய அரசு ரூ. 1,250 கோடி ஒதுக்கியுள்ளது. அதன் கருவிகள் அமைவது ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும், மக்கள் அருகிய நிலப்பரப்பில். கோடத்தைச் சுற்றியோ ஊர்கள், வயல்கள், சந்தைகள். பழைய வழியே வேண்டும் என்பது அப்பகுதி மக்களின் கோரிக்கை. தொலைநோக்கியைக் காப்பது சரியே. ஆனால் அதற்கான விலையை அவர்கள் மட்டுமே செலுத்துவது எந்த வகை நியாயம் என்பதற்கு தில்லி இன்னும் பதில் கூறவில்லை. அகில்யாநகர், ஷீரடி பக்கமாகப் பாதை விலகிச் செல்ல, நாராயண்காவ் தக்காளி லாரியில்தான் போகிறது.