ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரிச் சீட்டு

2018-19இல் மேல்நிலை முதலாம் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டில் இரண்டாம் ஆண்டுக்கும் புதிய பாடநூல்கள் வந்தபின், நம் கணினி அறிவியல் மாணவர்கள் முதலில் சி++, பிறகு பைத்தான் படிக்கிறார்கள். சி++இல் ஒரு மாறியைச் செயற்கூறுக்கு அனுப்ப இரு வழிகளைக் கற்பிக்கிறோம். மதிப்பு மூலம் அழைத்தல் என்பது சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது போல. நினைவகத்தில் வேறு இடத்தில் நகல் உருவாகும். அதில் என்ன கிறுக்கினாலும் மூலம் அப்படியே இருக்கும். குறிப்பு மூலம் அழைத்தல் என்றால் மூலச் சான்றிதழையே கையில் கொடுத்துவிடுவது.

சிக்கல் பைத்தானில்தான். "எண்ணை அனுப்பினால் நகல், லிஸ்ட்டை அனுப்பினால் மூலம்" என்று இரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். தாம்பரம் பக்கத்தில் உள்ள எங்கள் பள்ளியின் ஆய்வகத்தில் ஒருநாள் ஒரு மாணவி கூப்பிட்டாள்.

"சார், மூலம்தானே போகுது? உள்ளே புது லிஸ்ட் கொடுத்தேன், வெளியே பழசுதான் வருது."

70, 80, 90 என்று மூன்று மதிப்பெண்கள். செயற்கூறுக்குள் அப்பெண்ட் மூலம் 100ஐச் சேர்த்தால் வெளியேயும் நான்கு மதிப்பெண்கள் தெரிந்தன. சமக் குறி போட்டு வேறு லிஸ்ட்டைக் கொடுத்தால் வெளியே மாற்றமே இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று நழுவிவிட்டேன்.

அன்றிரவு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பைத்தானில் மாறி என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி அல்ல, முகவரிச் சீட்டு. செயற்கூறுக்குப் போவது அந்தச் சீட்டின் நகல். சேலையூரில் உள்ள ஒரு வீட்டின் முகவரியை எழுதி உங்களிடம் தருகிறேன். நீங்கள் போய்ச் சுவருக்கு நீலம் அடித்தால், நான் போகும்போதும் நீலச் சுவர்தான் இருக்கும். அப்பெண்ட் செய்வது அதுதான். உங்கள் சீட்டில் சேலையூரை அடித்துவிட்டுக் குரோம்பேட்டை முகவரியை எழுதிக்கொண்டால் என் சீட்டு மாறாது. சமக் குறி அதைத்தான் செய்கிறது.

எண்ணுக்கும் இதே விதிதான். ஆனால் எண்ணும் சரமும் வண்ணம் அடிக்கவே முடியாத வீடுகள். சீட்டை மாற்றலாம், வீட்டை மாற்ற முடியாது. அதனால்தான் நகல் போனது போலத் தோன்றி என்னை ஏமாற்றியது. ஐடி என்ற செயற்கூறைக் கொண்டு, அழைப்பதற்கு முன்பும் உள்ளே நுழைந்தவுடனும் அச்சிட்டால் இரண்டு இடத்திலும் ஒரே எண் வரும். உள்ளே சமக் குறி போட்டு வேறு லிஸ்ட்டைக் கொடுத்தபின் அச்சிட்டால் எண் மாறிவிடும்.

மறுநாள் வகுப்பில் பழைய வரியைத் தவறு என்று சொல்லி அழித்துவிட்டு, அந்த மாணவியையே ஐடியை ஓட்டிக் காட்டச் சொன்னேன். முந்தைய இரண்டு பேட்ச் பிள்ளைகளில் சிலர் இப்போது பொறியியல் படிக்கிறார்கள். யாருடைய எண் என்னிடம் இருந்ததோ, அவர்களுக்கெல்லாம் திருத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.