வருசநாட்டு மாணவரும் கட்டுரைத் தாளும்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலை மாணவர்கள், தம் முதன்மைப் பாடம் வணிகவியலாயினும் வேதியியலாயினும், பகுதி 1 எனப்படும் மொழிப் பாடத்தையும், பகுதி 2 எனப்படும் ஆங்கிலத்தையும் சேர்த்தே பயில்கின்றனர். இலக்கிய வாசிப்பும் கட்டுரை வரைதலும் அவர்களை வந்தடைவது பெரும்பாலும் இவ்விரு தாள்களின் வழியாகத்தான்.

தேனி மாவட்டத்தின் வருசநாடு, கடமலைக்குண்டு ஆகிய ஊர்களிலிருந்து கல்லூரிக்கு வருவோருக்கு இலக்கியம் தொலைவிலுள்ள பொருளன்று. வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகையின் குறுக்கே, ஆண்டிபட்டிக்கு அருகே கட்டப்பட்டு 1959இல் திறக்கப்பட்ட அணையால் ஊரையும் நிலத்தையும் இழந்த உழவர்களின் வாழ்வையே வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்னும் நாவலாக்கினார். அது 2003ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. இந்நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர் கதைச்சுருக்கத்தோடு நின்றுவிடலாகாது. நாவலின் முதன்மை மாந்தரான பேயத்தேவரின் பேச்சில் வரும் வட்டார வழக்கு, அதாவது ஒரு பகுதி மக்களுக்கே உரிய சொல்லாட்சி, கதைக்கு என்ன செய்கிறது என்பதை மாணவரைக் கொண்டே விளக்கச் செய்யலாம். அணையால் நீர்பெற்ற மதுரைப் பகுதி வயல்களையும் கருத்தில்கொண்டு, மூழ்கிய ஊர்களின் இழப்பு நியாயமானதா என்று சான்றுகளுடன் வாதிடும் கட்டுரையையும் எழுதச் செய்யலாம்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் சட்டகத்தை மனப்பாடச் சொற்களால் நிரப்பும் பள்ளிப் பழக்கமே இத்தகைய கட்டுரை எழுதுவதற்குப் பெருந்தடை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி முதலாக இம்மாவட்டக் கல்லூரிகள் அனைத்தும், பருவத்துக்கு ஒரு கட்டுரையையாவது மாணவர் தம் ஊரில் தாமே திரட்டிய செய்திகளைக் கொண்டு எழுதவும், ஆசிரியர் திருத்தியபின் அதை மீண்டும் எழுதவும் இடமளிக்க வேண்டும்.