வீட்டுக் கணிப்பொறியில் ஒளிந்திருக்கும் ட்ரோஜன்

கணக்குப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் போதும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று பல சங்கங்களின் கூலிப் பட்டியலும் நூல் இருப்புக் கணக்கும் நிர்வாகிகளின் வீட்டுக் கணிப்பொறியில் இருக்கின்றன. ஆகையால் அக்கணிப்பொறிக்கு நேரும் கேடு ஒரு வீட்டோடு நில்லாது. சங்கம் முழுவதையும் பற்றும்.

இக்கேடுகளில் கொடியது, தொலைவிலுள்ள ஒருவன் நம் கணிப்பொறியை நாமறியாமல் இயக்க வழிசெய்யும் ட்ரோஜன் ஆகும். கிரேக்க வீரர் ஒளிந்திருந்த மரக்குதிரையை ட்ராய் நகரத்தார் தாமே உள்ளே இழுத்துச் சென்றனர் என்பது பழங்கதை. அதுபோலவே இந்நிரலையும் பெரும்பாலும் நாமேதான் உள்ளே விடுகிறோம். வந்தபின், நாம் தட்டும் எழுத்துக்களை அது குறித்துக்கொள்ளும்; திரையைக் காணும்; காமிராவைத் திறக்கும்; கோப்புகளைக் கவர்ந்து அனுப்பும். 'பிளாக்‌ஷேட்ஸ்' என்னும் இத்தகைய நிரல் 100-க்கு மேற்பட்ட நாடுகளில் 5 லட்சத்துக்கும் அதிகமான கணிப்பொறிகளைப் பற்றியதாக 2014-ல் அமெரிக்க அதிகாரிகள் அறிவித்தனர்.

நாம் தணிக்கைக்குச் சென்றிருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். நூல் விலைப் பட்டியல் என்று மின்னஞ்சலில் வந்த கோப்பைக் காரியதரிசி திறந்தார். அதன் பெயர் 'பி.டி.எஃப்.' என்று முடிவதுபோல் தோன்றியது. உண்மையில் அதன் பின் 'இ.எக்ஸ்.இ.' என்னும் ஈறு மறைந்திருந்தது. சில நாட்களில் காமிரா விளக்கு தானே எரிந்தது. ஐயுற்ற அவர், அதே கணிப்பொறியில் அமர்ந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினார். மறுநாளே புதிய சொல்லும் களவு போயிற்று! அக்கணிப்பொறியில் 52 அங்கத்தினர்களின் வங்கிக் கணக்கு எண்கள் இருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும்.

சுட்டி தானே நகர்தல், பாதுகாப்பு நிரல் தானே அணைந்திருத்தல், நாம் நிறுவாத செயலிகள் காணப்படுதல் ஆகியவை ஐயத்துக்குரிய குறிகள். வேகம் குறைவது மட்டும் சான்றாகாது. பழைய பொறிகளுக்கு அது இயல்பு. குறி எதுவும் இல்லாமையும் நோயின்மைக்குச் சான்றாகாது.

பரிகாரத்தில் வரிசையே முக்கியம். முதலாவது, வைஃபையை அணைத்து, கம்பி இருப்பின் பிடுங்கி, இணையத் தொடர்பை அறுக்க வேண்டும். இரண்டாவது, நோயில்லாத வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கி என்னும் வரிசையில் கடவுச்சொற்களை மாற்றி, பிற கருவிகளில் திறந்திருக்கும் கணக்குகளை வெளியேற்ற வேண்டும். மூன்றாவது, டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பார்த்து, கணிப்பொறியுடன் தாமே துவங்கும் அறியாத நிரல்களைக் குறித்துக்கொள்க. நான்காவது, விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ள 'ஆஃப்லைன் ஸ்கேன்' சோதனையை நடத்துக. விண்டோஸ் எழுவதற்கு முன்பே இது நடைபெறுவதால், ட்ரோஜன் விழித்து ஒளிந்துகொள்ள இயலாது. ஏறக்குறைய 15 நிமிடங்கள் ஆகும்.

பணமும் பிறர் கணக்கும் புழங்கிய பொறியாயின் இத்துடன் நிற்றல் தகாது. ஒரு ட்ரோஜன் வேறு பலவற்றையும் உடன் அழைத்து வரக்கூடும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, வட்டை முழுதும் அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே உறுதியான வழி. நிறுவும் பிரதியை வேறு நல்ல கணிப்பொறியில் தயாரிக்க வேண்டும். பிரதி எடுத்த கோப்புகளையும் சோதித்த பின்னரே திறக்க வேண்டும்.

பணம் போயிருப்பின் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் உடனே அறிவிக்க வேண்டும்; தாமதத்தால் நஷ்டமே பெருகும்.

மேற்கூறிய காரியதரிசி வெட்கத்தால் சில நாட்கள் மௌனமாயிருந்தார். ஏமாந்தது குற்றமன்று, மறைப்பதே குற்றம். ஒருவருக்கு நேர்ந்ததை எல்லோரும் அறிந்து காத்துக்கொள்வதற்கன்றோ நாம் கூடியிருக்கிறோம்!