பாட்டு கற்றுத் தந்த ஸ்பானிய மொழி

என் தந்தை மலாய் மொழியைப் பள்ளியில் படித்ததில்லை. ஜாசின் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பி, வானொலியில் பி. ரம்லியின் பாடல்களைக் கேட்டே கற்றுக்கொண்டார். புரியாத சொல்லை மறுநாள் மலாய் நண்பரிடம் கேட்பார். அறுபது வயதைக் கடந்து நான் ஸ்பானிய மொழி கற்க நேர்ந்தபோது அந்த வழிதான் நினைவுக்கு வந்தது.

என் மகன் மணந்தது மெக்சிக்கோ நாட்டுப் பெண்ணை. அங்கே வளரும் பேத்திக்கு நான்கு வயது, ஸ்பானியம்தான் பேசுகிறாள். காணொலி அழைப்பில் அவள் ஏதேதோ கேட்பாள். நான் சிரித்துக் கையாட்டுவேன். ஒருநாள் பதில் வராமல் சலித்து, எழுந்து விளையாடப் போய்விட்டாள். மறுநாளே மலாக்கா நகரில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

முதலில் எடுத்தது மனு சாவ் 2001இல் வெளியிட்ட 'மே குஸ்தாஸ் தூ'. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருவதால் தொடக்கநிலைக்கு ஏற்ற பாடல். 'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்க வேண்டும்; ஸ்பானியத்திலோ நம்மைப் போலவே 'எனக்கு'!

வினைச்சொல்லும் அப்படியே. 'காந்தோ' பாடுகிறேன், 'காந்தாஸ்' பாடுகிறாய், 'காந்தா' பாடுகிறாள். விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. மலாயில் யார் பாடினாலும் வினை மாறாது. 2014இல் என்ரிக்கே இக்லேசியாஸ் பாடிய 'பைலாந்தோ' என்ற தலைப்புக்கு 'ஆடிக்கொண்டு' என்று பொருள். முன்னால் 'எஸ்தோய்' சேர்த்தால் 'ஆடிக்கொண்டிருக்கிறேன்'. 2017இல் உலகெங்கும் ஒலித்த 'டெஸ்பாசித்தோ'வில், 'மெதுவாக' என்ற சொல்லோடு 'இத்தோ' என்ற செல்ல விகுதி சேர்ந்திருக்கிறது.

சொற்களிலும் உறவு உண்டு. மேசைக்கு ஸ்பானியத்தில் 'மேசா'. போர்த்துகீசிய மொழியிலும் அதே சொல்தான். தமிழின் மேசையும் மலாயின் 'மேஜா'வும் அங்கிருந்தே வந்தவை. 1511 முதல் 1641 வரை போர்த்துகீசியர் ஆண்ட மலாக்காவில் இருந்துகொண்டு இதை அறிந்தபோது, பழைய அண்டை வீட்டாரைக் கண்டதுபோல் இருந்தது. ஆனால் நமக்கு அஃறிணையான மேசை அங்கே பெண்பால். இதற்குக் குறுக்குவழி இல்லை. 'லா மேசா' என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

பாட்டை மட்டும் நம்பினால் வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் வரிகளைத் தமிழ் எழுத்தில் குறித்துவந்தேன். முத்தத்துக்கும் மெக்சிக்கோ பணத்துக்கும் தமிழில் ஒரே எழுத்து: 'பேசோ'. ஒலிப்பில் ஒன்று 'பந்து'வின் ப, மற்றது 'பழ'த்தின் ப. கடையில் இதை மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? அன்றே ரோமன் எழுத்துக்கு மாறினேன்.

பாடல்களில் இதயம், நிலவு, கண்ணீர் எல்லாம் கிடைத்தன. உப்பும் பருப்பும் கிடைக்கவில்லை. சமையலறைச் சொற்களை மருமகளிடம்தான் கேட்டேன்.

பெரிய பிழை இன்னொன்று. காதலர்கள் ஒருவரையொருவர் 'தூ', அதாவது 'நீ' என்றே பாடுகிறார்கள். என்னைவிட மூத்த சம்பந்தியம்மாளிடம் முதன்முதலாகப் பேசியபோது, நானும் அவரை 'நீ' என்றே அழைத்துவிட்டேன். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரியாதைக்கு 'உஸ்தேத்' என்ற சொல் இருப்பதை அன்றுதான் அறிந்தேன். சம்பந்தியம்மாள் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இரவெல்லாம் தூக்கமில்லை.

புதிதாகத் தொடங்குவோருக்கு என் அனுபவம் இதுதான். ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். முதலில் வரிகளைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு எழுதிப் பொருள் பாருங்கள். கடைசியில் ஒரு தொடரை எடுத்து, சொல்லை மாற்றி உங்கள் வீட்டுக் காரியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

நான் அப்படிச் சொல்லிப் பார்த்த முதல் வாக்கியம், "எனக்கு மாம்பழம் பிடிக்கும்". திரையில் பேத்தி நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கும்" என்றாள். அன்று அவள் எழுந்து போகவில்லை.